முகாமும் முதல் மழையும்

மாணவர் முகாம் என்றதும் பலருக்கும் பாட்டும் கும்மாளமும்தான் நினைவில் எழும். நானும் அப்படி எண்ணித்தான், ரமணாசிரமத்தை அடுத்த ஒரு குளக்கரையில் மாசி மாதம் நடந்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்றேன்.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது இத்திட்டம். அதன் சிறப்பு முகாம் ஏழு நாட்கள். ஏழு நாளும் உழைத்தோம். படிகளில் முளைத்த செடிகளைக் களைந்தோம். கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். நிறைவு விழாவில் நிழற்படமும் எடுத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஆவலோடு போய்ப் பார்த்தேன். குளத்தில் முழங்காலளவு நீர்கூட இல்லை. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம், வரத்துக்கால் மண்மூடிக் கிடந்ததால் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் தேநீர் குடித்து எறிந்த பிளாஸ்டிக் குவளைகள் கரையோரத்தில் அப்படியே கிடந்தன.

"படியைக் கழுவினீங்களே தம்பி, தண்ணி வர்ற வழியைப் பார்த்தீங்களா?" என்றார் ஒரு பெரியவர். வெட்கித் தலைகுனிந்தேன்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் தீர்த்தங்களுக்குக் குறைவில்லை. ஆசிரமத்தின் அருகிலேயே பலாக்கொத்தில் அகத்திய தீர்த்தமும், சற்றுத் தள்ளிச் சிம்ம தீர்த்தமும் உள்ளன. குளம் வெட்டிய முன்னோர் நீர் வரும் வழியையும் சேர்த்தே வெட்டினர். கண்ணில் படும் படியை மட்டும் துலக்குவது தொண்டாகுமா?

நண்பர்களே, முகாம் இனிப் புரட்டாசியில் நடக்கட்டும். முதல் மண்வெட்டி வரத்துக்காலில் விழட்டும். தேநீருக்கு ஆளுக்கொரு டம்ளர் வீட்டிலிருந்தே கொண்டுவருவோம். நிறைவு விழாவை ஐப்பசி மழைக்குப் பின், நிரம்பிய குளக்கரையில் வைத்துக்கொள்வோமே!