பிறப்பியல் போதும், புணரியல் வேண்டாம் என்போருக்கு

ஜாஸ் இசைத் தயாரிப்புக்கு எந்த மெய்நிகர் டபுள் பேஸை வாங்கலாம் என்ற கேள்விக்கு நம் மாணவர் வட்டங்களில் ஒரே விடைதான் கிடைக்கிறது: எதன் கோப்பு பெரிதோ, அது. எத்தனை ஜிகாபைட், ஒரு சுரத்துக்கு எத்தனை விசை அடுக்கு, எத்தனை மைக் என்பவையே அளவுகோல்கள். இவை தவறான அளவுகோல்கள் என்பது என் வாதம். மொழியியல் பயின்றவர்களும் இவற்றை அப்படியே ஒப்புக்கொள்வதுதான் எனக்கு வியப்பு. நம் துறை அரை நூற்றாண்டுக்கு முன்பே கடந்துவந்த பிழை இது.

கருவியிலிருந்து தொடங்குகிறேன். டபுள் பேஸ் என்பது நின்றபடி வாசிக்கும் பெரிய தந்திக் கருவி. தாழ்விலிருந்து ஈ, ஏ, டி, ஜி என நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இதில் இல்லை. ஆகவே இடக்கை விரல் தந்தியின் எந்தப் புள்ளியிலும் ஊன்றலாம், எங்கிருந்தும் எங்கும் வழுக்கிச் செல்லலாம். மேலை மரபிசையில் பெரும்பாலும் வில்லால் இழைக்கப்படும் இக்கருவி, ஜாஸில் பெரும்பாலும் விரலால் மீட்டப்படுகிறது. தாளத்தின் அடிக்கு ஒரு சுரமாக நடந்துசெல்லும் ‘வாக்கிங்’ முறையே அதன் முதுகெலும்பு. 1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பின் முதற்பாடலில், கருப்பொருளை எடுத்துச் சொல்வதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான். பிற கருவிகள் அதற்கு விடையிறுக்கின்றன.

இதனைக் கணினிக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு சுரத்தையும் பல விசைகளில் ஒலிப்பதிவு செய்து அடுக்கி வைப்பது ஒன்று. ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் நிறுவனத்தின் டிரிலியன் இவ்வகை, அதன் தொகுப்பு ஏறத்தாழ 34 ஜிகாபைட். தந்தியின் அதிர்வையே கணக்கிட்டு ஒலியை உருவாக்குவது மற்றொன்று. ஐகே மல்டிமீடியாவின் மோடோ பேஸ் இவ்வகை. முதல் வகையை நம்மவர்கள் ‘உண்மை ஒலி’ என்றும், இரண்டாவதைப் ‘போலி’ என்றும் வகுத்துவிடுகிறார்கள். இந்தப் பாகுபாடே பிழையின் வேர்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ஒன்பது இயல்கள் உள்ளன. எழுத்துகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கு ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: பிறப்பியல். புணரியல் தொடங்கிக் குற்றியலுகரப் புணரியல் முடிய ஆறு இயல்கள், ஒன்று மற்றொன்றோடு சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பேசுகின்றன. ஒன்றுக்கு ஆறு என்ற இந்த விகிதத்தை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே தவிர, அதன் பொருளை உள்வாங்கவில்லை. தனி ஒலி எளிது, சேர்க்கையே மொழி.

பேச்சுத் தொகுப்புத் துறையும் இதே முடிவுக்குத்தான் வந்தது. தனித்தனி ஒலியன்களைப் பதிவு செய்து வரிசையாக ஒட்டியபோது பேச்சு உடைந்துபோனது. ஆகவே ஓர் ஒலியின் நடுவிலிருந்து அடுத்த ஒலியின் நடுவரை வெட்டி எடுக்கும் டைஃபோன் முறை வந்தது. மாற்றம் நிகழும் இடத்தை வெட்டாமல் முழுதாகக் காப்பாற்றுவதே அதன் நுட்பம். இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தொகுப்பில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அசையை அலகாகக் கொண்டதும் இந்தத் திசையில்தான். இசைத் துறையில் வியன்னா சிம்பொனிக் லைப்ரரி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சுரங்களை மட்டுமன்றி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் நகர்வையும் பதிவு செய்யத் தொடங்கியது. இவ்வளவுக்குப் பின்னும் நாம் ஜிகாபைட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பேஸில் ‘புணர்ச்சி’ என்று எவற்றைச் சொல்கிறேன்? ஒரே சுரத்தை இரண்டு தந்திகளில் வாசிக்க முடியும். எதில் வாசிப்பது என்பதை முந்தைய சுரத்தில் கை எங்கே இருந்தது என்பதே முடிவு செய்கிறது, நிறமும் அதற்கேற்ப மாறுகிறது. ஒரு சுரம் முடியும் விதத்தை இடக்கை தளரும் விதம் தீர்மானிக்கிறது. சுரம் என்றே சொல்ல முடியாத, அமுக்கிய தந்தியின் வெறும் தட்டல் இரண்டு அடிகளுக்கு நடுவே விழுகிறது. இவற்றுள் எதுவும் தனிச் சுரத்தின் பண்பன்று. எனவே, தனிச் சுரத்தை எத்தனை மைக்கில் பதிவு செய்தாலும் இவை வந்துவிடா.

காலமும் இதில் சேரும். 41 அதிர்வு கொண்ட ஒலியில் ஓர் அதிர்வு முடியவே 24 மில்லிநொடி ஆகிறது. நிமிடத்துக்கு 200 அடி என்ற விரைவில் ஓர் அடிக்கு 300 மில்லிநொடிதான் உண்டு. அதாவது ஓர் அதிர்வே அடியின் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. விரல் தந்தியைத் தொடும் ஓசைக்குப் பிறகே சுருதி காதுக்குத் தெளிகிறது. அசையின் ஒலி தொடங்கும் கணமும் அது நிகழ்ந்ததாக நாம் உணரும் கணமும் ஒன்றல்ல என்று மார்ட்டன், மார்க்கஸ், ஃபிராங்கிஷ் ஆகியோர் 1976இல் எழுதிய கட்டுரையை நம்மில் பலர் படித்திருப்போம். அதையே இங்கே பொருத்திப் பாருங்கள். சுரங்களைத் திரையில் கட்டத்தோடு கட்டம் ஒட்டவைத்துவிட்டு, ‘ஏன் ஊசலாட்டம் வரவில்லை’ என்று மென்பொருளைப் பழிப்பது முறையன்று.

திருப்பதியில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் ஓர் உள்ளூர்ச் சான்றைச் சொல்லாமல் விட முடியாது. அன்னமாச்சாரியாரின் பாடல்கள் திருமலைக் கோயிலில் செப்பேடுகளாகக் கிடைத்தன. பாடல் இருக்கிறது, இராகத்தின் பெயரும் இருக்கிறது. மெட்டு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் 20ஆம் நூற்றாண்டில் அமைத்தவை. 1983இல் வந்த மிடியும் அடிப்படையில் ஒரு செப்பேடுதான்: எந்தச் சுரம், எப்போது, 0 முதல் 127 வரை எவ்வளவு விசை, எப்போது முடிவு. மெய்நிகர் கருவியின் பணி, அந்தச் செப்பேட்டில் இல்லாததை நிரப்புவது. எழுத்தை மேலும் பளபளப்பாக்குவது அதன் பணியன்று.

இரண்டு மறுப்புகள் வரும் என அறிவேன். முதலாவது, தூய்மைவாதிகளுடையது: ‘உண்மைக் கருவியை வாசிப்பவரை அழையுங்கள்.’ சென்னைத் திரையிசைக் கூடங்களின் தந்திக் குழுக்களில் டபுள் பேஸ் உண்டு. சித்தூரில் விடுதி அறையில் மடிக்கணினியோடு இருக்கும் மாணவர் யாரை அழைப்பார்? அவருக்கு மெய்நிகர் கருவியே வாயில். வாயிலைச் சாத்திவிட்டு மரபைப் போற்றுவதில் பொருளில்லை. இரண்டாவது மறுப்பு: ‘அடுக்குகள் குறைந்தால் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத் துப்பாக்கி போலாகுமே.’ உண்மை. அடுக்குகள் வேண்டும்தான். நல்ல சொற்களஞ்சியமும் வேண்டும்தான்; அகராதியை விழுங்கியவர் பேச்சாளராகிவிடுவதில்லை.

இவற்றினும் கவலை தருவது மூன்றாவது ஒரு போக்கு. முன்பே வாசித்த தொடர்களைத் தொகுத்து, சுருதியைத் தொட்டால் பேஸ் தானே நடக்கும்படி விற்கும் கருவிகள் பெருகிவிட்டன. அவை கோனார் உரையைப் போன்றவை. தேர்வில் தேறலாம், பாடம் உள்ளே போகாது. புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் இருந்து கற்றது உருப்படிகளை மட்டுமன்று. லயத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டார். ஜாஸ் பேஸ் கற்பவர்களும் இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்தே அந்த நடையைப் பிடிக்கிறார்கள்.

எனவே, வாங்குமுன் செய்ய வேண்டியவை ஐந்து. விளம்பரப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, சோதனைப் பதிப்பில் பன்னிரண்டு ‘பார்’ ப்ளூஸ் ஒன்றை நீங்களே எழுதுங்கள். ஒரே சுரத்தை எட்டு முறை தொடர்ந்து ஒலிக்கவிட்டு வேறுபாடு தெரிகிறதா என்று கேளுங்கள். அரைச்சுர வழுக்கலையும் சுரத்தின் முடிவையும் தனியே கேளுங்கள். ஒரு சுரத்தின் தந்தியை மாற்ற இடம் உண்டா என்று பாருங்கள். பிறகு அதே வரியைப் பால் சேம்பர்ஸ் அல்லது ரே பிரவுன் பதிவொன்றின் பக்கத்தில் வையுங்கள். இச்சோதனையில் சிறிய கோப்பு வென்றால் அதையே வாங்குங்கள், உதவித்தொகைக்கும் நல்லது.

இது இசைக்காரர்களின் கடைத்தெருப் பேச்சு என்று நம் துறையினர் ஒதுங்க வேண்டாம். சித்தூர், திருப்பதி, குப்பம் பகுதிகளின் தமிழை ஆவணப்படுத்தப் புறப்படும் நாமும் இன்னும் சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனிச் சொல்லாகவே பதிவு செய்கிறோம். ஒரே வாக்கியத்தில் தமிழிலிருந்து தெலுங்குக்கு நழுவித் திரும்பும் இப்பகுதியின் பேச்சு அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? பேஸுக்குக் கேட்கும் கேள்வியை நம் தரவுத்தளங்களுக்கும் கேட்போம். மாற்றுக் கருத்துடையோர், தங்கள் கருவியில் எழுதிய பன்னிரண்டு ‘பார்’களோடு வரலாம், கேட்டுவிட்டு வாதிடுவோம்.