கச்சை கட்டுவது கோழைத்தனமா?



பங்குனி பிறந்துவிட்டால் சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மண் தேரிகளில் வேலை சூடுபிடித்துவிடும். பாளை சீவும் அரிவாள் தீட்டப்படும். கலயங்களின் உள்ளே சுண்ணாம்பு பூசப்படும். விடிலிகளில் பதநீர் காய்ச்சும் அடுப்புகள் புகையத் தொடங்கும். உடன்குடிக் கருப்பட்டி என்று நாடெங்கும் புகழப்படும் பொருளின் பின்னால், விடியுமுன் எழுந்து மரமேறும் ஆண்களின் உழைப்பும், நண்பகல்வரை அடுப்படியில் நின்று காய்ச்சும் பெண்களின் உழைப்பும் இருக்கின்றன. அந்த உழைப்பைப் போற்றிப் பேசாத மேடை இல்லை. ஆனால், அவ்வாறு உழைப்பவர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்ப என்ன தேவை என்பதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. இம்மாதம் அதனைச் சிந்திப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 30 மரங்களில் காலையும் மாலையும் ஏறுகின்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மரத்துக்கு 50 அடி என்று வைத்தாலும் அவர் நாள்தோறும் 3,000 அடி ஏறி, 3,000 அடி இறங்குகிறார். 100 நாள் வேலையில் 6,000 முறை மரமேறுகிறார். அவற்றுள் 5,999 முறை பிழையின்றி ஏறினார் என்பது பெருந்திறமைதான். ஆயினும் மிச்சமுள்ள அந்த ஒரு முறை போதும், ஒரு குடும்பத்தின் நிலை தலைகீழாக மாற. 60 அடி உயரத்திலிருந்து விழும் உடல் இரண்டு விநாடிக்குள் தரையைத் தொடுகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர். அந்த இரண்டு விநாடிக்குள் எந்தத் திறமையும் கைகொடுக்காது.

முன்னோர் அறிந்த பாதுகாப்பு

பாதுகாப்பு உடை என்பது தொழிற்சாலைகளோடு வந்த புதுமை, நம் தொழிலுக்கு அது ஒவ்வாது என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. மரத்தின் சொரசொரப்பில் மார்பு உராயாதிருக்கத் தோல் கட்டியவர்கள் நம் முன்னோர். இரு கால்களும் மரத்தைக் கவ்வி நிற்கத் தளைநார் முடைந்தவர்கள் அவர்கள். ஏறத் தொடங்கும்போது கால் வைக்க முருக்குத் தடியை மரத்தில் சார்த்தியவர்களும், அரிவாளைக் கையில் பிடித்து ஏறினால் ஆபத்து என்றறிந்து அதற்கென ஒரு பெட்டியை இடுப்பில் கட்டியவர்களும் அவர்களே. காலணி எல்லாத் தொழிலுக்கும் காப்பு என்று நாம் சொல்கிறோம். பனையேறும் தொழிலிலோ வெறுங்காலே பிடிமானம் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இவை யாவும் தோலைக் காக்கும், பிடியைக் காக்கும். பிடி தவறிய பின் உடலைத் தாங்கி நிறுத்தும் கருவி மட்டும் இவற்றுள் இல்லை. அன்று கிடைத்த நாரிலும் தோலிலும் அதனைச் செய்வது எளிதன்று. இன்று அது கிடைக்கிறது. கடைகளில் ‘ஹார்னஸ்’ என்று கேட்டால் தருவார்கள். முன்னோர் தொடங்கிவைத்த பாதுகாப்பின் விடுபட்ட பகுதியே அது. ஆதலால் அதனைக் கட்டிக்கொள்பவர் மரபை மீறுகிறவர் அல்லர், மரபை நிறைவுசெய்கிறவர்.

எது நல்ல கச்சை?

இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை போதாது. விழும் வேகத்தில் அது வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். உடல் அதிலிருந்து நழுவவும் கூடும். தோள், மார்பு, தொடை ஆகிய மூன்றையும் சுற்றிவரும் முழுக் கச்சையே வேண்டும். அதன் மேல் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் ஐ.எஸ். 3521 என்ற எண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்குக. தலைக்கவசத்துக்குரிய எண் ஐ.எஸ். 2925. தாடைக்குக் கீழ் வாரைக் கட்டாத கவசம் விழும்போது முதலில் கழன்று ஓடிவிடும் என்பதை மறவாதீர்.

கச்சையோடு மரத்தைச் சுற்றிவரும் கயிறுகள் இரண்டு தேவை. ஏறும்போது ஒரு கயிற்றை மார்பளவுக்குக் குறையாத உயரத்தில் வைத்து, உடலோடு மேலே நகர்த்திக்கொண்டே செல்லவேண்டும். மரத்தின் கொண்டையை அடைந்ததும் இரண்டாவது கயிற்றைப் பூட்டிய பின்னரே முதற் கயிற்றைக் கழற்றவேண்டும். எந்த நொடியிலும் ஒரு கயிறேனும் பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

பனைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. மட்டையின் இரு ஓரங்களிலும் உள்ள கருக்கு, ரம்பத்தைப் போல் கயிற்றை அறுத்துவிடும். ஆகையால் கயிற்றின் மேல் தடித்த உறை போட்டு, மட்டைகளுக்குக் கீழே நடுமரத்தில் அதனைச் சுற்றுவதே நன்று. நைலான் கயிறு வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். எனவே மரத்தடியில் போட்டுவிட்டு வராமல் நிழலில் வைக்கவேண்டும். நாள்தோறும் ஏறுமுன் கயிற்றைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இழை பிரிந்த கயிற்றையும், விழுந்த ஒருவரை ஒருமுறை தாங்கிய கச்சையையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. மழையில் நனைந்த மரத்திலும், இடி மின்னல் உள்ள வேளையிலும் ஏறவே கூடாது. தனியே ஏறுவதும் தவறு. கச்சையில் நெடுநேரம் தொங்குபவருக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிருக்கே தீங்கு நேரலாம். அவரை விரைவில் இறக்க, கூப்பிடு தொலைவில் இன்னொருவர் வேண்டும்.

அடுப்படியிலும் ஆபத்து உண்டு

விடிலியில் வேலை செய்யும் தாய்மாரை நாம் மறந்துவிடலாகாது. கொதிக்கும் பாகு தண்ணீரைப் போன்றதன்று. அது தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். நைலான் புடவை தீயில் உருகி உடலோடு ஒட்டும். எனவே அடுப்படிக்குப் பருத்திச் சேலையே உடுத்தி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். சுட்டுவிட்டால் மஞ்சளோ மையோ பற்பசையோ தடவவேண்டாம். 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கணமும் தாமதியாமல் நிறைய நீரால் கழுவியபடியே மருத்துவரிடம் விரையவேண்டும். நாம் அற்பமாக எண்ணும் சுண்ணாம்பு பார்வையையே பறிக்கவல்லது.

விழுந்தவரைத் தூக்காதீர்

மரத்திலிருந்து விழுந்தவரைப் பதற்றத்தில் தோளில் தூக்கிப்போடுவதும், ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பதும் பெருந்தவறு. முறிந்த முதுகெலும்பு அசையும்போது அதனுள் செல்லும் தண்டுவடம் நசுங்கி, நடக்கக்கூடியவராய் எழவேண்டியவர் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரலாம். கழுத்தும் தலையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 108 ஊர்தியை அழையுங்கள். நகர்த்தியே தீரவேண்டும் என்றால், நால்வர் சேர்ந்து உடலைக் கட்டைபோல் ஒரே சீராகத் திருப்பிப் பலகையில் கிடத்துங்கள்.

விலை யாருடையது?

இத்தனையும் அறிந்த பிறகும் பலர் கச்சை கட்டுவதில்லை. “எனக்குத் தொழில் தெரியும், கயிறு பயந்தவனுக்கு” என்பது ஒரு காரணம். நம் வட்டாரத்து இளைஞர் வளைகுடா நாடுகளில் கட்டட வேலைக்குச் சென்றால் தலைக்கவசமும் கச்சையும் இன்றிச் சாரத்தில் ஏற அங்கே விடமாட்டார்கள். அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. அக்கரையில் மகனுக்கு ஒழுங்காக இருப்பது, இக்கரையில் தந்தைக்கு இழுக்காவது எங்ஙனம்?

மற்றொரு காரணம் நேரம். இது உண்மையான இடர்ப்பாடு, மறுப்பதற்கில்லை. ஓர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம் கூடினாலும், 60 ஏற்றத்துக்கு ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்தின் கூலியையும், கச்சையின் விலையையும் மரமேறுபவர் தலையிலேயே சுமத்தினால் அவர் கயிற்றை வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். ஆகவே நம் கேள்வியை அவரிடம் அல்ல, மரத்துக்கு உரியவரிடமும் பதநீரையும் கருப்பட்டியையும் வாங்குபவரிடமும் கேட்கவேண்டும்.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுபவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல் விழுந்தவனின் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்கிறது அது. விழுந்தவன் பார்த்து நடந்தானா என்று அச்சட்டம் விசாரிக்கவில்லை. பொறுப்பை வீட்டுக்காரன் மேல் வைக்கிறது. நாட்டின் சட்டமும் இவ்வழியே சென்றது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனைமரத்தில் சாறு இறக்கும் வேலை பெயர் சொல்லியே இடம்பெற்றது. ஆனால் குத்தகைக்கு மரமேறுபவருக்கு முதலாளி என்று சுட்ட ஒருவர் இல்லை. அத்தகையோருக்காகவே தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் உள்ளது. அதில் விபத்துக்கு முன்னரே பதிந்திருக்கவேண்டும். எனவே பதிவையும் புதுப்பித்தலையும் தள்ளிப்போடாதீர்கள்.

மரம் வைத்திருப்போரே, குத்தகை பேசும்போது கச்சையையும் சேர்த்துப் பேசுங்கள். அதன் விலை சில நாள் கூலிதான். பங்குச் சபைகளே, நலிந்தோருக்கு உதவும் நிதியில் ஒரு பகுதியை, விழுந்த குடும்பத்துக்கு அரிசி வாங்கும் முன், விழாதிருக்கக் கயிறு வாங்குவதற்குச் செலவிடுங்கள். ஊருக்கு நான்கு கச்சைகள் இருந்தாலும் தொடக்கத்துக்குப் போதும். இல்லத் தலைவியரே, அரிவாள் பெட்டியை எடுத்துக் கொடுக்கும் கையால் கச்சையையும் எடுத்துக் கொடுங்கள்.

அடுத்த பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சோம்பியிராமல், இந்த ஞாயிறன்றே இதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.