பந்தை வைக்கத் தெரிந்த மட்டை

பேடல் ஆட்டத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தவர்கள் புது மட்டை வாங்கப் போகும்போது பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஆட்டம் மெருகேறிவிட்டது, இனி அடியும் பலக்க வேண்டும் என்று நினைத்து, கடையிலேயே முரட்டு மட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த மாதமே பந்து தரையில் படாமல் நேராக எதிர்ப்பக்கக் கண்ணாடியில் போய் மோதுகிறது. புள்ளியும் போகிறது, முழங்கையும் வலிக்கிறது.

மெக்ஸிகோவின் அகாபுல்கோவில் 1969-ல் என்ரிக்கே கோர்குவேரா தன் வீட்டில் அமைத்த களத்தில் பிறந்தது பேடல். ஸ்பெயினும் அர்ஜென்டினாவும் அதைச் சுவீகரித்துக்கொண்டன. இப்போது மும்பை, பெங்களூர் வரை வந்துவிட்டது. களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான்; சுற்றிலும் சுவர். இங்கே ஓங்கி அடித்த பந்து பின்சுவரில் பட்டு எதிராளிக்கு வாகாகத் திரும்பி வரும். எனவே தேர்ந்தவர்களின் ஆட்டத்தில் அடிப்பவரைவிட, பந்தை வேண்டிய இடத்தில் வைப்பவரே அதிகம் ஜெயிக்கிறார். தலைக்கு மேல் வரும் பந்தை அறையாமல் மூலைக்கு அனுப்பிவிட்டு, வலையருகே தன் இடத்தைக் காத்துக்கொள்ளும் அடிக்கு 'பந்தேஹா' என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் தாம்பாளம் என்று பொருள்.

இத்தகைய ஆட்டத்துக்கு வட்டத் தலை மட்டை பொருத்தம். அதில் பந்தைச் சரியாக வாங்கும் பகுதி நடுவில், அகலமாக இருக்கும். கனம் கைப்பிடியை ஒட்டி நிற்கும். வைர வடிவ மட்டையில் இரண்டுமே மேலே ஏறிவிடும். அடி இடியாக இறங்கும். ஆனால் சற்றுத் தவறினாலும் மன்னிக்காது. சந்தேகம் இருந்தால் மட்டையை ஒரு விரலின் மேல் கிடத்திப் பார்க்கலாம். அது சமநிலையில் நிற்கும் இடம் கைப்பிடி நுனியிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் என்றால் கட்டுப்பாட்டுக்கு உகந்தது. 27-ஐத் தொட்டால் தலைக்கனம்.

வடிவத்தோடு விஷயம் முடிவதில்லை. புதியவர்களுக்கான மட்டையும் வட்டம்தான். வித்தியாசம் உள்ளே இருக்கும் நுரையில். மென்மையான நுரை, மெதுவாகத் தட்டினாலும் பந்தை எகிறச் செய்யும். கையில் வேகம் வராதவருக்கு அது உதவி. தானே வேகம் கொடுக்கத் தெரிந்தவருக்கோ தொல்லை: வலையருகே மெல்ல வைக்க நினைத்த பந்து ஒரு சாண் உயர்ந்துவிடும். நடுத்தரம் முதல் சற்றுக் கடினமான நுரை வரை, கொடுத்த வேகத்தையே திருப்பித் தரும். ஆனால் அதிர்வும் கைக்கு வரும். முழங்கை வலி உள்ளவர்கள் நடுத்தரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேல்பரப்பு கண்ணாடி இழையானால் வளைந்து கொடுக்கும், கார்பன் விறைப்பு. 3கே, 12கே, 18கே என்று அச்சிட்டிருப்பது ஒரு கற்றையில் எத்தனை ஆயிரம் இழைகள் என்பதைத்தான் சொல்கிறது. எண் பெரிதானால் தரமும் உயர்வு என்று அர்த்தமில்லை.

எடையிலும் கவனம் தேவை. பல கம்பெனிகள் 360 முதல் 375 கிராம் என்று ஒரு வரம்பைத்தான் குறிப்பிடுகின்றன. ஒரே மாடலில் இரண்டு மட்டைகள் வேறுபடலாம். தராசில் வைத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை. தலையில் பாதுகாப்புப் பட்டை ஒட்டினால் கனம் மேலேறும். கைப்பிடியில் இன்னொரு சுற்று நாடா சுற்றினால் கீழிறங்கும்.

நம் ஊர் வெயிலும் ஒரு கட்சி. சூட்டில் நுரை இளகும், பந்தும் துள்ளும். மே மாதப் பிற்பகலில் ஆடுபவர் ஒரு படி கடினமான மட்டையைத் தேடுவது நியாயம். அதைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போவது அநியாயம்.

கடைசியாக, ஜோடி யார் என்பதையும் பார்க்க வேண்டும். இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால், பொதுவாக இடப்பக்கம் நிற்பவர் முடிக்கிறார். வலப்பக்கம் நிற்பவர் கட்டி எழுப்புகிறார். இந்த மட்டை கட்டி எழுப்புபவருக்கானது. இரவல் வாங்கி இரண்டு செட் ஆடிப் பார்த்துவிட்டு, அடித்து ஜெயித்த புள்ளிகளை அல்ல, தானே தாரை வார்த்த புள்ளிகளை எண்ணினால் போதும். எந்த விளம்பரத்தையும்விட அந்தக் கணக்கு நேர்மையானது.