குப்பை என்று சொல்லுமுன்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர். ஆயினும், கலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன, பார்த்தவுடன் இன்னதென விளங்கும் ஓவியமும் சிலையுமே. உருவம் விளங்காவிடில், அது கலையன்று என ஒதுக்கிவிடுகிறோம். இது முறையா?

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் உடைந்த பால் மங்கின் துண்டுகள், ரப்பர் விதை ஓடுகள், துருவேறிய தகரம், கயிறு ஆகியவற்றை ஓர் அட்டையில் ஒட்டிக் கொணர்ந்தான். "இஃது என்ன?" என்றேன். "ஒன்றுமில்லை ஐயா, இப்படி வைத்தால் நன்றாக இருந்தது" என்றான். குப்பை எனக் கடிந்து, மலர் ஒன்றை வரைந்து வரப் பணித்தேன். வரைந்து தந்தான். அதன்பின், தானாகச் செய்த எதனையும் அவன் என்னிடம் காட்டியதில்லை. பிழை என்னுடையது.

பலவகைப் பொருள்களை இணைத்துப் படைக்கும் இக்கலையை 'அசெம்பிளாஜ்' என்பர். ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ், வீசியெறியப்பட்ட பயணச் சீட்டுகளையும் மரத்துண்டுகளையும் இணைத்துப் படைத்தவற்றுக்கு 1919ஆம் ஆண்டில் 'மெர்ஸ்' எனப் பெயரிட்டார். அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன், கழித்த மரத்துண்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, முழுவதும் கருநிறம் பூசி, 1958இல் 'ஸ்கை கதீட்ரல்' என்னும் பெருஞ்சுவரைப் படைத்தார். ஒரே நிறம் பூசியதால், எது எதன் உறுப்பு என்பது மறைந்து, ஒளியும் நிழலுமே கண்ணுக்குப் புலனாகின்றன.

நம் நாட்டிலும் 1974இல் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஈசா இருவரும் வெறும் பறவைக்கூண்டு, எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள் முதலியவற்றைக் கோலாலம்பூரில் காட்சிக்கு வைத்து, காண்போரைச் சிந்திக்கத் தூண்டினர்.

'குப்பையெல்லாம் கலையாகுமா?' எனச் சிலர் வினவலாம். ஆகாது. தேர்ந்தெடுத்தலும் அடுக்கும் முறையுமே அதனைக் கலையாக்குகின்றன. சொரசொரப்பின் அருகே வழவழப்பு ஏன் வந்தது? எங்கே நெருக்கம், எங்கே வெற்றிடம்? கண் எங்கே தங்குகிறது? இவற்றை நோக்குவதே சுவைத்தல். நம் வாசலில் இடும் சிக்குக் கோலம் எவ்வுருவத்தைக் காட்டுகிறது? எதனையும் காட்டாமலே அது நம்மை நிறுத்திவிடுகிறதன்றோ! அக்கண்ணைக் கொண்டே இக்கலையையும் காணலாம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளைகள் எதையேனும் ஒட்டிக் கொணர்ந்தால், "இஃது என்ன?" எனக் கேட்பதற்கு முன், "இதனை ஏன் இங்கே வைத்தாய்?" எனக் கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அதுவே. கேட்டிருந்தால், அம்மாணவன் மீண்டும் என் அறைக் கதவைத் தட்டியிருப்பான்.