மூன்று வசனம் முன்னால் போங்கள்

தவக்காலம் பிறந்தால் எங்கள் பங்குக்கு ஏழைக் கைம்பெண் தவறாமல் வந்துவிடுவாள். முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இந்த ஆண்டும் தியானம் கொடுக்க வந்த சாமியார் குரல் தழுதழுக்கக் கேட்டார்: இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாளே, நாமும் அவளைப்போலக் கொடுக்க வேண்டாமா? கேட்டு முடிப்பதற்குள் கட்டட நிதி உறைகள் வரிசை வரிசையாகக் கைமாறின.

மனமுவந்து கொடுத்தாளாம். அவள் மனதைப் பற்றி மாற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. சாமியாருக்கு எப்படித் தெரிந்ததோ.

இயேசு அவளை மாதிரியாக நிறுத்தினாராம். நல்ல சமாரியர் கதையை முடிக்கும்போது, போய் நீயும் அப்படியே செய் என்றவர், இங்கே யாரையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கதை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாற்கு 12ஆம் அதிகாரம், 41ஆம் வசனத்தில் தொடங்குகிறது. மூன்றே வசனம் முன்னால் போங்கள். நீண்ட அங்கி, முதல் இருக்கை, நீட்டி முழக்கும் செபம்: இவற்றோடு கைம்பெண்களின் வீடுகளையும் விழுங்குகிறவர்கள் என்று மறைநூல் அறிஞர்களைச் சாடுகிறார் இயேசு. சாடிவிட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்கிறார். வருவது யார்? ஒரு கைம்பெண். விழுங்கியது போக மிஞ்சியதையும் போட்டுவிட்டுப் போகிறாள். போட்டதைச் சொல்ல கிரேக்க மூலத்தில் வரும் சொல் 'பியோஸ்'. பிழைப்புக்கும் அதுதான், உயிருக்கும் அதுதான். இத்தனைக்கும் இணைச் சட்டம் 14ஆம் அதிகாரத்தின்படி, மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்திலொரு பங்கை வாங்கி வயிறார உண்ண வேண்டியவர்களில் ஒருத்தி அவள். மாற்குவின் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கோவிலின் கல்லைப் பார்த்து வியந்த சீடரிடம், கல்மேல் கல் நிற்காது என்கிறார் இயேசு. கி.பி. 70இல் உரோமையர் அதைக் கொளுத்தினார்கள். அவளுடைய இரண்டு காசு போனது அந்தக் கோவிலுக்கு. இதைப் பாராட்டு என்கிறீர்களா, ஒப்பாரி என்கிறீர்களா?

பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டில் இந்தப் பகுதி வாசிக்கப்படும். நேரமில்லாதவர்களுக்குக் குறுகிய வாசகமும் உண்டு. அதில் வெட்டப்பட்டவை எவை தெரியுமா? அதே மூன்று வசனங்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க வேறு இடமே கிடைக்கவில்லை போலும்.

அப்படியானால் தியாகமே வேண்டாமா என்பார்கள். சாம்பல் புதனுக்கு இரண்டாம் நாள் எசாயா 58 வாசிக்கிறோமே. பசித்தவரோடு உணவைப் பகிர்வதுதான் நோன்பு என்கிறது அது. கட்டட நிதி அதில் இல்லை.

எங்கள் பங்கிலும் ஏழைக் கைம்பெண்கள் இருக்கிறார்கள். அன்று அவர்கள் கையிலும் உறை கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு உதவவென்று இதுவரை ஓர் உறையும் அச்சானதில்லை.