நெல் கொட்டும் குழாயிலும் பொறியியல் இருக்கிறது

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. உள்ளூர் அரிசியைத் தேடி மக்கள் கடை கடையாக அலைந்ததை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உணவுப் பாதுகாப்பு என்றதும் விதை, உரம், நீர்ப்பாசனம், மானியம் என்று பேசுகிறோம். விளைந்த நெல்லை அறுவடை இயந்திரத்திலிருந்து லோரிக்கு மாற்றும் கருவியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவர்கள் கவனம் செலுத்த வேண்டிய இடம் அது.

அறுப்பதையும் கதிரடிப்பதையும் ஒரே இயந்திரம் செய்யத் தொடங்கிய காலத்தில், தானியத்தை இயந்திரத்தின் மேலேயே ஆட்கள் நின்று சாக்கில் பிடித்து, வாயைத் தைத்துக் கீழே தள்ளினார்கள். பின்னர் தானியத் தொட்டியும் அதைக் காலி செய்யும் திருகுக் குழாயும் வந்தன. குழாய்க்குள் சுழலும் அந்தத் திருகு, ஆர்க்கிமிடீஸ் பெயரால் அறியப்படும் நீர் இறைக்கும் திருகின் வழிவந்ததுதான்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொட்டி நிரம்ப 20 நிமிடம் ஆகிறது. வயலோரம் சென்று லோரியில் கொட்டிவிட்டுத் திரும்ப 10 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். 9 மணி நேர வேலையில் 18 தொட்டி நெல் கிடைக்கும். அந்த 10 நிமிடத்தை 7 ஆகக் குறைத்தால் 20 தொட்டி கிடைக்கும். அறுக்கும் கத்தியைத் தொடாமலேயே இரண்டு தொட்டி கூடுதல்! மழை மேகம் திரளும் அறுவடைக் காலத்தில் இது சிறிய இலாபமன்று.

அப்படியானால் தொட்டியைப் பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் மண் குறுக்கே நிற்கிறது. 5 கன மீட்டர் தொட்டியில் ஏறத்தாழ 3 டன் நெல் பிடிக்கும். கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் பரந்து கிடக்கும் மூடா வட்டாரத்தில் சேறு ஆழமான வயல்கள் உண்டு. சேற்றுக்கு அடியில் இருக்கும் கெட்டியான மண்தளம்தான் இயந்திரத்தைத் தாங்குகிறது. நீரையும் தேக்கி வைக்கிறது. பாரம் மிகுந்த சக்கரங்கள் அதை உடைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் அதே வயலில் இயந்திரம் புதையும்.

திருகை வேகமாகச் சுழற்றினால்? நெல்மணி அடிபடும். உமிக்குள் விரிசல் விட்ட அரிசி, ஆலையில் குருணையாகிவிடும். திருகின் விளிம்புக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி நெல்மணியின் அளவுக்கு இருந்தால், மணி அதில் சிக்கி நசுங்கும். வேகத்தைக் குறைத்துக் குழாய் நிறைய நெல்லை ஓடவிட்டால் சேதம் குறையும். அதற்கு விட்டம் பெரிய குழாய் வேண்டும். குழாய் பெரிதானால் எடை கூடும். லோரியின் பக்கப்பலகைக்கு மேலே எட்ட வேண்டும் என்பதற்காகக் குழாயைச் செங்குத்தாக நிமிர்த்தினால், திருகு கடத்தும் அளவு குறையும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று இடிக்கும். வடிவமைப்பு என்பதே இந்தப் பேரம்தான்.

நம் வயல்களில் நீண்ட காலம் ஓடிய பெரிய இயந்திரங்கள் பல ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்டவை. உலர்ந்த கோதுமை நீர்போல் வழுக்கி ஓடும். அறுவடையின்போது 20 விழுக்காட்டுக்கும் மேல் ஈரப்பதம் கொண்ட நெல் அப்படி ஓடாது. வைக்கோல் துணுக்குகளோடு சேர்ந்து தொட்டியின் மூலையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே தொட்டியின் அடிச்சுவர் கூடுதலாகச் சரிந்திருக்க வேண்டும். நெல் உமியிலுள்ள சிலிக்கா, திருகின் விளிம்பை அரம்போல் தேய்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடைப்பு என்பது உயிர்ப் பிரச்சினையும்கூட. இயந்திரத்தை நிறுத்தாமல் தொட்டிக்குள் கைவிட்டவர்களும் இறங்கியவர்களும் உலகெங்கும் கைகால்களை, சில வேளைகளில் உயிரையே இழந்திருக்கிறார்கள். எச்சரிக்கை ஒட்டிகள் மட்டும் போதா. ஆள் உள்ளே இறங்க வேண்டிய தேவையே எழாதபடி தொட்டியை அமைப்பதும், மூடியைத் திறந்ததும் திருகு தானாக நிற்கச் செய்வதும் வடிவமைப்பாளரின் கடமை.

இவற்றுள் எதுவும் நம் மாணவர்களுக்கு எட்டாத கணிதமன்று. முறுக்குவிசை, உராய்வு, சாய்கோணம், பொருள் தேய்மானம் ஆகிய அனைத்தும் பாடத்திட்டத்தில் இருப்பவையே. ஆனால், இறுதியாண்டுத் திட்டப்பணி என்றதும் இணையத்தில் ஆயிரம் பேர் செய்துவிட்ட ஒன்றையே மறுபடியும் செய்யும் வழக்கம் இருக்கிறது. கல்லூரிகள் மாணவர்களை அறுவடைக் காலத்தில் செகிஞ்சானுக்கோ கெடாவுக்கோ ஒரு நாள் அழைத்துச் செல்லட்டும். மாணவர்கள் கையில் நேரமானியோடு வரப்பில் நிற்கட்டும். இயந்திரம் எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது, எங்கே நெல் சிந்துகிறது, ஓட்டுநர் எதற்காகக் கீழே இறங்குகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுநரிடம் கேட்கட்டும், வேறு எந்தப் பாடநூலும் சொல்லாததை அவர் சொல்வார்.

அரிசி விலை ஏறும்போது கவலைப்படுவது எல்லாராலும் முடியும். வயலில் வீணாகும் மூன்று நிமிடத்தை மீட்டுத் தருவது பொறியாளரால்தான் முடியும். அந்த வேலைக்கு நம் இளையோரும் முன்வர வேண்டும்.