ஆயிரமிதழ்த் தாமரையும் அடைத்த கதவும்

சகசிராரம் என்ற சொல் இன்று விலைப்பட்டியல்களில் இடம்பிடித்துவிட்டது. எமது தென்கரையின் உல்லாச விடுதிகளிலும் கொழும்பின் உடல்நல நிலையங்களிலும் உச்சிச் சக்கரத்தைத் ‘திறந்துவிடும்’ சிகிச்சைகள் விற்பனையாகின்றன. ஊதா நிறக் கல்லும் ஊதா நிற விளக்கும் அதற்குரிய சாதனங்களாம். இதைக் கண்டு நாணவேண்டிய எமது பெரியோர் சிலர், மேனாட்டாரே எம் முன்னோரின் விஞ்ஞானத்தை ஏற்றுக்கொண்டனர் என்று மேடைகளிற் பூரிக்கின்றனர். நண்பர்களில் இன்னுஞ் சிலரோ, ‘அனைத்தும் மூடநம்பிக்கை’ என ஒரே வாக்கியத்தில் விடயத்தை முடித்துக்கொள்கின்றனர். வணிகரோடும் பெருமை பேசுவோரோடும் எமக்கிருப்பது பகை. நண்பர்களோடு இருப்பது பிணக்கு. வரலாற்றைப் படியாது ஒரு கருத்தைத் தூக்கியெறிபவர், அதனைப் படியாது தலையில் வைப்பவரிலிருந்து வெகுதூரம் சென்றுவிடவில்லை.

முதலிற் கோட்பாடு கூறுவது யாது எனக் காண்போம். முதுகந்தண்டின் அடியில், மூலாதாரத்தில், குண்டலினி என்னும் சத்தி பாம்புபோற் சுருண்டு உறங்குகின்றது. சுழுமுனை நாடி வழியே அது எழுந்து, சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என்பவற்றைக் கடந்து உச்சந்தலையிற் சிவத்தோடு கலக்கின்றது. ஆறு ஆதாரங்களின் இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2 ஆகும். இவற்றைக் கூட்டினால் 50. வடமொழி எழுத்துக்களின் தொகையும் அதுவே. ஐம்பதை இருபது முறை அடுக்கினால் ஆயிரம். மொழியின் ஒலிகள் யாவும் ஒடுங்கும் இடம் உச்சி என்பது இதன் உட்பொருள். சொல் முடிந்து, ‘நான்’, ‘எனது’ என்னும் பிரிவுகளும் முடியும் நிலையையே அத்தாமரை குறித்தது. வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577 இல் இயற்றிய நூலிற்கு ‘ஷட்சக்ர நிரூபணம்’, அதாவது ஆறு சக்கரங்களின் விளக்கம், என்றே பெயர். சகசிராரம் அந்த ஆறனுள் அடங்குவதன்று, அவற்றைக் கடந்தது. அது கீழ்நோக்கிக் கவிழ்ந்த தாமரை. அதன் நிறம் ஊதாவுமன்று. முழுமதியினும் மிக்க வெண்மை.

அவ்வாறாயின் ஊதா எங்கிருந்து வந்தது? பிரமஞான சங்கத்தைச் சேர்ந்த ஆங்கிலேயர் லெட்பீற்றர் 1927 இல் வெளியிட்ட சக்கரங்கள் பற்றிய நூலிலேயே உச்சிச் சக்கரம் பெரிதும் ஊதாவாய்க் காட்சியளிக்கின்றது. தமது ஞானதிருட்டியாற் கண்டதாக அவர் கூறிக்கொண்டார். அதற்கு 960 ஆரைகளும், நடுவில் 12 ஆரைகளும் உண்டெனக் கணக்கும் சொன்னார். சுவாதிட்டானத்தை அகற்றி, அதனிடத்தில் மண்ணீரற் சக்கரம் ஒன்றையும் வைத்தார். (இதே லெட்பீற்றர் 1886 இல் கொழும்பில் ஆரம்பமாகிப் பின்னர் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் முதல் அதிபராகவும் இருந்தவர் என்பதை ஆசிரியர்கள் சுவைப்பர் என நம்புகிறோம்.) வானவில்லின் ஏழு நிறங்களையும் அடிமுதல் உச்சிவரை ஒழுங்காக அடுக்கிய சித்திரம் 1970களில் அமெரிக்காவிற் பரவியது. ‘ஐயாயிரம் ஆண்டு மரபு’ என்று இன்று விற்கப்படும் படத்தின் வயது இவ்வளவே.

மரபுதானும் மாறாத ஒன்றன்று. உச்சந்தலை பற்றிய எண்ணம் மிகப் பழையது. இதயத்திலிருந்து புறப்படும் நூற்றொரு நாடிகளுள் ஒன்று உச்சியை நோக்கிச் செல்கின்றது என்றும், அவ்வழியே செல்பவன் மரணமின்மை எய்துவான் என்றும் சாந்தோக்கிய, கட உபநிடதங்கள் கூறும். மயிர் வகிரும் இடத்தைப் பிளந்து ஆன்மா உடலினுட் புகுந்தது என்பது ஐதரேயத்தின் கதை. இவற்றுக்குப் பின்னே மக்களின் எளிய அவதானம் ஒன்று இருந்திருக்கவேண்டும். பிறந்த குழந்தையின் உச்சிக்குழி இதயத் துடிப்போடு துடிப்பதையும், ஒன்றரை ஆண்டளவில் அது மூடிக்கொள்வதையும் எந்தத் தாய்தான் அறியாள்? எண்ணெய் வைத்த அவ்விரல்களின் அறிவே பிரமரந்திரக் கருத்தின் வேர் என்று நாம் கருதுகிறோம். ஆறு சக்கர முறையோ வெகு பிந்தியது. ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டளவிலே, குப்ஜிகாமதம் போன்ற தந்திர நூல்களில் உருப்பெற்றது. நாத சித்தர்களின் ‘சித்த சித்தாந்த பத்ததி’ ஒன்பது சக்கரங்களைக் கூறும். எண்ணிக்கையிலேயே உடன்பாடில்லாத ஒன்றை நிறுவப்பட்ட உடற்கூற்றியல் என்பது எவ்வளவு துணிவு!

இத்துணிவுக்கு ஒருவர் முன்னமே விடையளித்துவிட்டார். ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி, இளந்துறவியாய்த் திரிந்த காலத்தில், கங்கையில் மிதந்துவந்த பிணமொன்றைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். நூல்கள் கூறிய தாமரைகள் ஒன்றையும் காணவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்தார். இதனை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். அது வெளியானதும் பிரமஞான சங்கத்தாரின் சஞ்சிகையிலேதான். தியானத்துக்கான ஒரு வரைபடத்தை அவர் உடற்கூற்று நூலாகப் படித்தார் என்று குறை கூறலாம். எனினும் பொய்யென்று கண்டதைக் கையில் வைத்திராத அந்த நேர்மை, குண்டலினி என்பது ஒரு நரம்பே என்று 1927 இல் நூலெழுதிய வசந்த ரேலேயிடமோ, இன்று மூளைச் சுரப்பிகளுக்குச் சக்கரப் பெயர் சூட்டுவோரிடமோ இல்லை.

உடலுக்குள் தாமரை இல்லை என்பதோடு எமது பணி முடிவதில்லை. உச்சி யாருக்கு உரியது என்பதே எமது கேள்வி. இருக்கு வேதத்தின் புருட சூக்தம் விராட்புருடனின் வாயிற் பிராமணனையும் பாதத்திற் சூத்திரனையும் வைத்தது. சமூகமே ஓர் உடல். தலை சிலருக்கு, கால் பலருக்கு. தந்திரிகள் இதற்கெதிராய் வேறோர் உடலை வரைந்தனர். அவ்வுடலில் ஒவ்வொரு மனிதனுக்கும் பாதமும் உண்டு, ஆயிரமிதழ்த் தாமரையும் உண்டு. தீட்சை பெற்றோர் யாவரும் ஒரே குலத்தினர், அவரது பழைய சாதியைக் கூறுவதே பாவம் என்று சுவச்சந்த தந்திரம் விதித்தது. தமிழிலோ திருமூலர் ஊனுடம்பையே கோயிலாகக் கண்டார். சிவவாக்கியர் கல்லையும் குலத்தையும் ஒருங்கே எள்ளி நகையாடினார். தந்திர நெறியின் வேர்கள் உழுது விதைத்த மக்களின் சடங்குகளில் உள்ளன என்று தேவிபிரசாத் சட்டோபாத்யாய தமது ‘லோகாயத’ (1959) நூலில் வாதிட்டது வெறுங் கற்பனையன்று.

இக்கோட்பாட்டில் ஆற்றல் உறங்குவது அடியிலே, மண்ணுக்குரிய ஆதாரத்திலே. சத்தியின்றிச் சிவம் அசையவும் மாட்டாது என்பது சௌந்தரியலகரியின் முதற் பாட்டின் கருத்து. உச்சியை அடைந்த குண்டலினி மீண்டும் தன் இருப்பிடத்துக்கு இறங்கிவருவதையும் அந்நூல் பாடுகின்றது. வணிகர் உச்சியோடு கதையை நிறுத்திவிடுகின்றனர். இறங்கிவரும் பகுதிக்கு விலையில்லைப் போலும்!

நிலவுடைமையும் கோயிலும் ஒரே கையிற் சேர்ந்தபோது இந்த உடலும் பூட்டப்பட்டது. குருவின் வாய்மொழியின்றி அறியலாகாது என்ற மறைப்பு ஒரு பூட்டு. தீட்சை பெற்ற பின்னும் சாதி நீங்காது என வாதித்த ஆசாரியரின் உரைகள் மற்றொரு பூட்டு. அகத்தே சாதியற்ற உச்சி, புறத்தே சாதியுள்ள வாசல் என்று இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பதில் அவர்கள் இடரெதுவும் கண்டிலர்.

எமது மண்ணில் இம்முரண்பாடு வெயிலில் நின்றது. சாதி காரணமாகக் கோயிலில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலே வந்துவிட்டது. பதினோராண்டுகளின் பின், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டு அமர்ந்தபோது, அவர்கள் தாக்கப்பட்டனர். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் போராட்டம் அக்கதவுகளை அசைத்தது. உடம்பே ஆலயம் என்று மேடையிற் பேசிய கனவான்கள் அப்போது எப்பக்கம் நின்றனர் என்பதை வயதானோரிடம் மாணவர் கேட்டறியலாம்.

இனி வணிகரிடம் வருவோம். எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் 2022 இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. இந்நாட்டில் மன அமைதியைத் தனித்தனிப் பொதிகளாக விற்பவன், துன்பத்தின் காரணம் உனது அடைபட்ட சக்கரமே என்கிறான். சம்பளமும் கடனும் அவனது படத்தில் எங்குமில்லை. மலையகத்திற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கூடைக் கயிறு தலையின்மீதுதான் அழுந்துகின்றது. நாள் முழுவதும் பாரம் ஏறும் அவ்வுச்சியைத் திறந்துவிட எந்த விடுதியும் சிகிச்சை நடத்துவதாக நாம் கேள்விப்படவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் ஓதப்படும் விநாயகரகவல் ஆறாதாரங்களையும் குண்டலினியையும் கபாலத்தின் வாயிலையும் பேசுவது. மரபு அதனை ஒரு பெண்பாற் புலவரின் வாயில் வைத்திருக்கின்றது. பிள்ளைகள் அதனைப் பொருளறியாது ஒப்புவிக்கின்றனர். அவ்வாயில் எது, அது யார்யாருக்கு உண்டு என்று ஒரு மாணவி கேட்டால், ‘பெரியவளானதும் விளங்கும்’ என்று தட்டிக்கழியாதீர்கள். எல்லோருக்கும் உண்டு என்பதே பாட்டின் விடை என்பதைச் சொல்லுங்கள். அவ்விடையை மறைத்தோரின் வரலாற்றையும் சொல்லுங்கள்.

ஆன்மிகத்தினுள் சாதியை ஏன் புகுத்துகிறீர்கள் என்று சிலர் சினப்பர். அவர்கள் 2018 இல் வரணியில் நடந்ததை அறியாதவரல்லர். அங்கே கோயில் தேரொன்றை மண் அகழும் இயந்திரம் கொண்டு இழுத்தனர். ஒடுக்கப்பட்ட சாதியாரின் கை வடத்திற் படாதிருக்கவே இவ்வேற்பாடு என்ற குற்றச்சாட்டு அந்நாட்களிற் செய்திகளாக வெளிவந்தது. இயந்திரத்தின் பின்னே பயபக்தியோடு நடந்து சென்றோருள் எத்தனை பேர் ஆறாதாரங்களையும் கடந்தவர்கள் என்பதை அப்பெரியோரே எமக்கு எண்ணிச் சொல்லட்டும்.